தண்டலைத் திரும்பக் கூப்பிட்ட வருஷம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே தொழிலாளர்கள் குடியிருந்த லைனில் ராதாகிருஷ்ணன் அளவுக்குப் படித்தவன் யாரும் இல்லை. அவன் அளவுக்கு வாயை அடக்கத் தெரியாதவனும் யாரும் இல்லை. படிப்பை நினைத்துப் பெருமைப்பட்டதும் வாயை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டதும் ஒரே ஆள்தான், அவனுடைய அக்கா வீரம்மா.

அவர்கள் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்தார். ராதாகிருஷ்ணன் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் சிக்கி இறந்தார். அம்மா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா போனால் வீட்டை ரயில்வே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது லைனில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாலாம் வகுப்போடு நின்றுபோன வீரம்மாவுக்கு ஸ்டேஷனில் ரயில் பெட்டி கழுவும் வேலையை வாங்கிக் கொடுத்து, வீட்டையும் அவள் பேருக்கு மாற்றிக் கொடுத்தவர் பக்கிரிசாமித் தண்டல். அதற்குக் கைம்மாறாக அவள் வளர்த்த சேவல்களில் கொழுத்ததாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு போனவரும் அவர்தான்.

தண்டல் என்றால் லைனுக்குத் தலைவர். யாருக்கு எந்த ஷிப்டு, எந்த வீட்டுக் கூரை முதலில் பழுது பார்க்கப்படும், புருஷன் பெண்டாட்டி சண்டையில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், எல்லாம் அவர் வாயில் இருந்து வரும். வெள்ளைக்காரத் துரை லைனுக்கு வந்தால் அவரிடம்தான் பேசுவான். கோபம் வந்தால் கை நீட்டுவார். அவர் கையால் அறை வாங்காத ஆண்பிள்ளை லைனில் குறைவு.

வீரம்மா பெட்டி கழுவுவதில் ஒரு ஒழுங்கு உண்டு. ஜன்னல் கண்ணாடியை மூலையில் ஆரம்பித்து நடுவுக்கு வருவாள். மற்றவர்கள் போல நடுவில் ஒரு வட்டம் துடைத்துவிட்டுப் போக மாட்டாள். தம்பியின் படிப்பையும் அப்படித்தான் கவனித்தாள். அவன் சட்டைக் காலர் மடிப்பு, பேனா மை, விளக்குத் திரி, எதிலும் குறை வைக்கவில்லை. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சையான சீனியர் கேம்பிரிட்ஜ் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அங்கேதான் விதி விளையாடியது. சரித்திரத் தாளில் ஒரு கேள்வி கட்டாயம் வரும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் ராஜாவின் தலையை வெட்டிவிட்டுக் குடியரசு என்று அறிவித்தார்கள். பதினோரு வருஷம் கழித்து அந்த ராஜாவின் மகனையே கூப்பிட்டு மறுபடியும் ஏன் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள்? ராதாகிருஷ்ணன் இதற்குப் பதிலைக் கரைத்துக் குடித்து வைத்திருந்தான். நாற்பத்தொன்று டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தாபாருவில் இறங்கினான். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். சரித்திரத் தாள் நடக்கவே இல்லை.

கேட்க ஆளில்லாத பதில் ஒருவன் வயிற்றுக்குள் இருந்தால் என்ன ஆகும்? ராதாகிருஷ்ணன் அதைக் குழாயடியில் சொன்னான். மரவள்ளி நடுகிற இடத்தில் சொன்னான். முடி வெட்டுகிறவரிடம், அவர் கத்தியைக் கழுத்தில் வைத்திருக்கும்போதே, முதல் ராஜாவின் கழுத்தை எப்படி வெட்டினார்கள் என்று சொன்னான். ஜப்பான்காரன் ஆட்சியில் இங்கிலீஷ் ராஜாவின் பேரை நடுத்தெருவில் உச்சரித்தால் யார் வந்து கதவைத் தட்டுவான் என்று வீரம்மா பயந்து செத்தாள். பேசாதே என்றால், "அது நடந்து முந்நூறு வருஷம் ஆகப் போகுதுக்கா" என்பான், ஏதோ அதுதான் அவள் கவலை என்பது போல.

பதிலைச் சொன்னதோடு நின்றிருந்தாலும் போயிற்று. முதல் பாதியைச் செய்து காட்டினான்.

ஜனவரியில் வெள்ளைக்காரர்கள் கோலாலம்பூரை விட்டு ஓடினார்கள். தண்டலுக்குப் பின்னால் நின்ற துரை போய்விட்டான். லைனில் பல வருஷமாக அறை வாங்கினவர்கள் கூடிப் பேசினார்கள். தண்டல் மேல் உள்ள குற்றங்களை எழுதித் தரச் சொல்லி ராதாகிருஷ்ணனிடம் வந்தார்கள். அவன் நல்ல தமிழில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினான். தண்டவாளத்து ஓரம் இருந்த முனீஸ்வரன் கோவில் வாசலில் எல்லாரையும் கூட்டி, தண்டலையும் நிற்க வைத்து உரக்கப் படித்தான். கோழி பிடித்தது, கை நீட்டியது, சொந்தக்காரனுக்கு நல்ல ஷிப்டு கொடுத்தது என்று வரிசையாகப் போய், ஆள் இல்லாத நேரத்தில் வீடுகளுக்குள் புகுந்து அடுப்பங்கரைப் பானைகளை உருட்டினார் என்பதில் வந்து முடிந்தது. கூட்டம் ஹோவென்று கத்தியது. மறுநாள் காலை தண்டல் தட்டுமுட்டுச் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு கிள்ளானில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

வீரம்மாவுக்கு அன்று இரண்டு பக்கமும் மனம் இழுத்தது. தம்பி படித்த அழகைப் பக்கத்து வீட்டுக்காரிகள் மெச்சினார்கள். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனால் வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு வண்டி தள்ளிப் போனதைக் கதவிடுக்கில் பார்த்தவள், வெளியே வராமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தண்டலுக்குப் பதிலாக ஏழு பேர் கொண்ட கமிட்டி. எல்லாரும் சமம் என்று ராதாகிருஷ்ணன் சொல்லிக் கொடுத்தான். சமமாக இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது முதல் ஆடித் திருவிழாவிலேயே தெரிந்துவிட்டது.

முனீஸ்வரன் கோவில் பூசாரி ஒவ்வொரு ஆடியிலும் ஒரு மஞ்சள் துணியைத் தண்டலின் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார். அதைக் கட்டிய பிறகுதான் படையல் எடுப்பார்கள். இந்தத் தடவை யார் தலையில் கட்டுவது என்று பூசாரி கேட்டார். ஏழு பேர் தலையிலும் கட்டுங்கள் என்றான் ராதாகிருஷ்ணன். துணி கிடைக்காத காலம். பூசாரி இருந்த ஒன்றையே ஏழாகக் கிழித்தார். ஏழு பேரும் தலைவலிக்குக் கட்டுப்போட்டவர்கள் மாதிரி வரிசையில் நின்றார்கள். முதல் துண்டு யாருக்கு என்று சண்டை வந்தது. என் துண்டு சிறியது என்று ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். அதற்குள் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. பஞ்ச காலத்தில் அரிசியைச் சேர்த்துக் கொடுத்த பெண்கள் கருகின பானையைச் சுரண்டிக்கொண்டே கமிட்டியைத் திட்டினார்கள். அதில் வீரம்மாவின் குரல் எல்லாரையும் விட உரக்கக் கேட்டது. அதில் அவள் வீட்டு அரிசியும் இருந்தது.

குழாயிலும் அதே கதை. தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். இந்த வாரம் ஒரு முறை, அடுத்த வாரம் இன்னொரு முறை என்று கமிட்டி மாற்றிக்கொண்டே இருந்தது. ஏழு பேரில் யாரிடம் போனால் நமக்குச் சாதகமாகச் சொல்வார் என்று ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். குடங்கள் உடைந்தன. ஒரு பெண்ணின் மண்டையும் உடைந்தது.

அப்போதுதான் வேலாயுதம் எழுந்தார். பட்டறையில் பிட்டர். கள் தொட மாட்டார், பொய் சொல்ல மாட்டார். ஒரு காலை நேராகக் குழாயடிக்கு வந்து, கையில் ஒரு ஸ்பேனரோடு நின்றுகொண்டு, இனிமேல் வீட்டு வரிசைப்படிதான் தண்ணீர் என்றார். அன்றைக்கே சண்டை நின்றது. கமிட்டி தானாகக் கரைந்து போனது.

வேலாயுதம் நல்லவர் என்பதில் வீரம்மாவுக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் அந்த நல்லதனம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. கள் குடிக்கக் கூடாது என்றார், சரி. சீட்டு ஆடக் கூடாது என்றார், சரி. உறுமி மேளம் அடிக்கக் கூடாது, கல்யாணத்தில் பாட்டுப் பாடக் கூடாது, பஞ்ச காலத்தில் என்ன கொண்டாட்டம் என்றார். பிறகு, யாரோ அரிசி பதுக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு வீடு வீடாகப் பார்க்க ஆரம்பித்தார். வீரம்மா வேலை முடிந்து வந்தபோது அவர் அவளுடைய அடுப்பங்கரையில் நின்று சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வெந்த மரவள்ளி. மூடியை மெதுவாக வைத்துவிட்டு, "தப்பா நெனைக்காதம்மா, எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வீரம்மா அந்தச் சட்டியைக் கவிழ்த்து, தேய்த்து, கழுவி, மறுபடியும் தேய்த்தாள். அப்படியும் மனம் ஆறவில்லை.

நாற்பத்து மூன்று வைகாசியில் சயாம் காட்டில் ஜப்பான்காரன் போட்டுக்கொண்டிருந்த ரயில் பாதைக்கு ஆள் கேட்டு, ஸ்டேஷனில் இருந்த ஜப்பான்காரத் துரை சொல்லி அனுப்பினான். ரயில்வே வேலையில் இல்லாதவர்களாகப் பார்த்து மூன்று பேரை நீங்களே அனுப்புங்கள் என்றான். வேலாயுதம் கோவில் வாசலில் எல்லாரையும் உட்கார வைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரு பேரையும் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் தானே போகிறேன் என்று பட்டறை வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் போவதைப் பார்த்து, கடைசி வீட்டில் இருந்த அண்ணன் தம்பி இருவரும் பின்னால் போனார்கள். மூன்று பேருமே பிறகு வரவில்லை.

அவருக்குப் பிறகு அவருடைய மைத்துனர் கார்த்திகேசுவைத் தலைவராக்கினார்கள். வேலாயுதத்தின் சொந்தம் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. வாத்து வளர்க்கிற சாது மனிதர். யார் வந்து எதைக் கேட்டாலும் சரி என்பார். ஒரே காலையில் இரண்டு பேருக்கு முதல் குடம் பிடிக்கச் சரி சொல்லிவிட்டு, சண்டை முற்றியதும் வாத்துகளை ஓட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் போய்விடுவார்.

"பாத்தியாக்கா," என்றான் ராதாகிருஷ்ணன். "ராஜா தலைய வெட்டிட்டு குரோம்வெல்னு ஒருத்தன் ஆண்டான், அவன் செத்த பிறகு மகனைக் கொண்டாந்து வெச்சாங்க. இதே மாதிரி சாது. ஒரு வருஷம்கூட தாங்கல."

வீரம்மாவுக்கு அவனை அறையலாம் போல இருந்தது. லைனே பற்றி எரிகிறது, இவன் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறான்.

ஆடி பிறந்ததும் ஜப்பான்காரத் துரை மறுபடியும் ஆள் கேட்கப் போகிறான், இந்தத் தடவை இன்னும் அதிகம் என்று ஸ்டேஷனில் பேச்சு அடிபட்டது. ரயில்வே வேலை இல்லாத வாலிபர்கள்தான் முதலில். லைனில் வேலை இல்லாத வாலிபன் என்றால் எல்லார் கண்ணும் ராதாகிருஷ்ணன் மேல்தான் போகும். நிப்போன் பாஷை படித்தால் ஆபீஸில் வேலை கிடைக்கும் என்று வீரம்மா கெஞ்சி அனுப்பியிருந்தாள். நாற்பத்திரண்டாம் வருஷத்தை ஜப்பான் கணக்கில் இரண்டாயிரத்து அறுநூற்றிரண்டு என்று எழுதச் சொன்ன ஜப்பான்கார வாத்தியாரிடம் அதற்கு ஆதாரம் கேட்டு, கன்னம் வீங்கி வந்து சேர்ந்தான்.

அந்த வாரமே லைனில் பக்கிரிசாமித் தண்டல் பேச்சு எழுந்தது. யார் முதலில் சொன்னது என்று தெரியாது. அவர் இருந்தால் துரையிடம் போய் நின்று பேசுவார் என்றார்கள். கோழியைத்தானே பிடித்தார், உயிரையா பிடித்தார் என்றார்கள். அவரை விரட்டும்போது உரக்கக் கத்தினவர்கள்தான் இப்போதும் உரக்கச் சொன்னார்கள். நாலு பேர் கிள்ளானுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார்கள். தண்டல் அவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். எழுதிப் படித்து விரட்டினவனே தட்டு ஏந்தி வந்து கூப்பிட்டால் வருகிறேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ராதாகிருஷ்ணன் முடியாது என்றான்.

வீரம்மா மரவள்ளி நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருந்தால்தான் ஒரே நேரத்தில் வேகும் என்பது அவள் கணக்கு. அன்றைக்குத் துண்டுகள் கோணல்மாணலாக விழுந்தன.

"ஏன் முடியாது? தட்டு கனமா இருக்குமா?"

"ஜனங்க தப்பு பண்றாங்கக்கா. இங்கிலாந்துல பண்ணின அதே தப்பு."

"இங்கிலாந்து எக்கேடும் கெட்டுப் போகட்டும். உன்னை சயாமுக்குத் தூக்கிட்டுப் போயிடுவான்டா. வேலாயுதண்ணன் போனதுல இருந்து ஒரு சேதி இல்ல, தெரியுமில்ல?"

தெரியும் என்றான். பிறகு, அவன் அடக்க முடியாமல் பேசுவதுபோல் இல்லாமல், யோசித்துப் பேசினான். ராஜாவைத் திரும்பக் கூப்பிட்டது தப்பில்லை என்றான். குரோம்வெல் நல்லவனாக இருந்தும் ஜனங்களுக்கு அவனைத் தாங்க முடியவில்லை. ஏன் என்றால் ராஜா எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பல நூறு வருஷப் பழக்கம் இருந்தது. காவலன் என்று புதிதாக ஒரு பேர் வைத்துக்கொண்டவனுக்கு எல்லை எது என்று சட்டத்துக்கே தெரியாது. அதனால்தான் பார்லிமெண்டே அவனிடம் போய், நீயே ராஜாவாகிவிடு, அப்போதாவது நீ எங்கே நிற்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும் என்று கெஞ்சியது. அவன் மாட்டேன் என்றான். அவன் செத்து, மகனும் போய், பட்டாளத்துக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தபோது ஜனங்கள் களைத்துப் போய்ப் பழைய ராஜாவின் மகனைக் கூப்பிட்டார்கள்.

"அதுல தப்பு என்னன்னா, வர்றதுக்கு முன்னால ஒண்ணும் கேட்டு வாங்கல. வந்தாப் போதும்னு அவசரம். வந்த பிறகு பழைய சண்டையெல்லாம் திரும்ப ஆரம்பிச்சுது. வேலாயுதண்ணன் நம்ம சட்டியத் தொறந்து பாத்தாரே. ஏன்க்கா, தண்டல் இருந்தப்ப எப்பவாச்சும் நம்ம வீட்டு அடுப்பங்கரைக்குள்ள வந்திருக்காரா?"

வீரம்மாவின் கை நின்றது. "வரமாட்டாரு. வாசல்ல நின்னு கூப்பிடுவாரு. நான் வெளிய வர்ற வரைக்கும் நிப்பாரு. கோழியக்கூட வெளிய வெச்சுத்தான் பிடிச்சாரு."

"அப்ப நான் படிச்சப்ப ஏன் சொல்லல?"

"நீ அவ்வளவு நல்லாப் படிச்சிட்டு இருந்தே," என்றாள் வீரம்மா. மறுபடியும் மரவள்ளியை நறுக்க ஆரம்பித்தாள்.

ராதாகிருஷ்ணன் முகம் கறுத்துப் போயிற்று. யாரோ சொன்னதை விசாரிக்காமல் எழுதினான். கடைசியில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று அதைக் கடைசியில் வைத்தான். தட்டை எடுத்து வை, நாளைக்குப் போகலாம் என்றான். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் தட்டைக் கொடுப்பேன் என்றும் சொன்னான். வீரம்மா முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள்.

பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் துலக்கினாள். வெற்றிலையைக் காம்பு ஒரே பக்கம் வரும்படி அடுக்கினாள். தேங்காய் விலைக்கு வாங்க வழியில்லாமல் கடன் வாங்கினாள். சாமான் வண்டியின் கடைசிப் பெட்டியில் கார்டிடம் சொல்லி இருவரும் கிள்ளானுக்குப் போனார்கள். வழி முழுக்க அவள் அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். தட்டைக் கொடு, கும்பிடு, பேசாதே. அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை அவள் பல வருஷமாகப் பார்த்திருக்கிறாள். அதை நம்பினால் அவள்தான் முட்டாள்.

தண்டல் மகள் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தென்னை ஈர்க்குகளைச் சீவி விளக்குமாறு கட்டிக்கொண்டிருந்தார். கிள்ளான் பாசாரில் அதை விற்றுத்தான் மருமகனுக்குப் பாரமில்லாமல் இருந்தார். ஆள் இளைத்திருந்தார். ஆனால் வெள்ளை மீசை அதே முறுக்கோடு இருந்தது. மகள் சர்க்கரை இல்லாத கோப்பி கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

ராதாகிருஷ்ணன் தட்டோடு முன்னால் போய் நின்றான். "லைன்ல எல்லாரும் கூப்பிடறாங்க. நீங்க வரணும்."

தண்டல் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து தட்டுக்குக் கை நீட்டினார். ராதாகிருஷ்ணன் தட்டைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். வீரம்மா பின்னால் இருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் அசையவில்லை.

யார் மேலும் கை வைக்கக் கூடாது என்றான். குழாயில் வீட்டு வரிசை மாறக் கூடாது. வேலாயுதண்ணன் போட்ட வரிசை, அது இருக்கட்டும். பிள்ளை பிறந்த வீட்டிலும் வேலை கிடைத்த வீட்டிலும் கோழி எடுக்கக் கூடாது. ஜப்பான்காரன் ஆள் கேட்டால் தனியாகப் போய்ப் பேர் கொடுக்கக் கூடாது, கோவில் வாசலில் எல்லாரும் இருக்கும்போதுதான் பேச வேண்டும். பூசாரி துணி கட்டுவதற்கு முன்னால் இதையெல்லாம் சாமி முன்னால் சொல்ல வேண்டும்.

"சொல்லலன்னா?" என்றார் தண்டல்.

"தட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவோம்."

"எடுத்துட்டுப் போனா உன்னைத்தான் மொதல்ல பிடிச்சுட்டுப் போவான், தெரியுமா? லைன்ல இருந்து வந்தவங்க சொன்னாங்க."

"தெரியும்."

வீரம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்ததற்குப் பதிலாக நாலு வாத்து வளர்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள். தண்டலய்யா, சின்னப் பையன், மன்னிச்சுக்குங்க என்று தொடங்கினாள். தண்டல் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"கோழி பிடிச்சேன். கை நீட்டினேன். அதையெல்லாம் நீ படிச்சப்ப எனக்கு ரோஷம் வரல, ஏன்னா செஞ்சேன். யார் வீட்டு அடுப்பங்கரைக்கும் நான் போனதில்ல. என் மருமகன் அன்னிக்குக் கூட்டத்துல நின்னுட்டு இருந்தான். இன்னிக்கு வரைக்கும் நான் சமையல்கட்டுப் பக்கம் போனா, பானையப் பாத்துக்கோங்கற மாதிரி என் மகளைப் பாப்பான். நீ கேட்டதெல்லாம் நான் சாமி முன்னால சொல்றேன். அந்த ஒண்ண நீ சாமி முன்னால எடுத்துடு. நீ மொதல்ல, நான் பிறகு."

அவர் கேட்டதை நிதானமாகத்தான் கேட்டார்.

ராதாகிருஷ்ணனுக்குத் தட்டு ஏந்துவது கூடச் சுலபமாக இருந்தது. இது அப்படியில்லை. லைனே மெச்சின எழுத்து. வாயடைத்துப் போய் அவன் நின்றதை வீரம்மா அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். பார்க்கப் பிடிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, சரி என்று சொல்லித் தட்டை நீட்டினான். தண்டல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஆடி இரண்டாம் வெள்ளியன்று கோவில் வாசலில் ராதாகிருஷ்ணன் எழுந்து நின்றான். எல்லாருக்கும் கேட்கிற குரலில், அடுப்பங்கரைப் பேச்சு பொய், விசாரிக்காமல் எழுதினேன், என் தப்பு என்றான். அன்றைக்கு ஹோவென்று கத்தினவர்கள் இன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தண்டலும் தன் பங்குக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். கோழி என்ற இடம் வந்தபோது கொஞ்சம் இழுத்தார், பெண்கள் பக்கம் இருந்து யாரோ இருமினார்கள், சொல்லிவிட்டார். பூசாரி துணியைக் கட்டினார். பஞ்ச காலத்துத் துணி, சாயம் போய் வெளிறி இருந்தது. தலை ஒன்று என்பதால் போதுமாக இருந்தது.

அடுத்த வாரமே துரையிடம் இருந்து ஆள் வந்தது. தண்டல் கோவில் வாசலில் எல்லாரையும் கூட்டிக் கேட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார். இடுப்பு வரை குனிந்து கும்பிட்டாராம். கிள்ளான் பாதையில் ஸ்லீப்பர் கட்டைகள் உளுத்துக் கிடக்கின்றன, துறைமுகச் சரக்கு வண்டி கவிழ்ந்தால் துரைக்குத்தான் கெட்ட பேர், வேலை இல்லாத எங்கள் ஆட்களை எல்லாம் பாதையைப் பழுது பார்க்க ஒரு கேங்காக என்னிடம் கொடுங்கள், ஒருவன் ஓடினாலும் என் தலையை எடுங்கள் என்று மலாய் பாஷையில் பாதியும் கையைக் காட்டிப் பாதியுமாகச் சொன்னாராம். கமிட்டி இருந்தபோது ஏழு பேர் போய் ஏழு விதமாகப் பேசி ஏழு அறை வாங்கி வந்த அதே ஆபீஸ். துரை அவர் தலையையும் அதில் இருந்த மஞ்சள் துணியையும் பார்த்தான். எடுக்க ஒரு தலை இருக்கிறது என்பது அவனுக்குப் பிடித்திருக்க வேண்டும். சரி என்றான்.

சீனியர் கேம்பிரிட்ஜ் வரை போன ராதாகிருஷ்ணன் இப்படித்தான் கேங் கூலியானான். முதல் நாளே இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டது. சம்மட்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவரிடம் அதற்கும் ஏன் என்று கேட்டான். தண்டல் வீரம்மாவிடம் வந்து, உன் தம்பி என் கையைக் கட்டிப் போட்டதும் இல்லாமல் காதையும் தின்கிறான், நான் விளக்குமாறு கட்டிக்கொண்டு அங்கேயே இருந்திருக்கலாம் என்று புலம்பினார். அவள் அவருக்கும் சேர்த்துக் கஞ்சி கட்டி எடுத்துப் போக ஆரம்பித்தாள். அதில் அவருக்குச் சமாதானம்.

ஒரு மத்தியானம் அவள் தூக்குச் சட்டியோடு வந்தபோது கேங் முழுக்கத் தண்டவாளத்தை விட்டு இறங்கி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. கிள்ளான் பக்கமிருந்து ஒரு நீளமான சாமான் வண்டி வந்துகொண்டிருந்தது. பெட்டிகளின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஆட்கள், தோட்டத்து ஆட்கள், நெருக்கியடித்து நின்றார்கள். ஒருவன் கையில் ஒரு கோணிப்பை. ஒருவன் இவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினான், தெரிந்தவன் போல. வண்டி வடக்கே சயாமுக்குப் போகிறது என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைசிப் பெட்டியும் போன பிறகு ராதாகிருஷ்ணன் கேட்டான். "அவங்களுக்குப் பேச ஆள் இல்லையா?"

"இருந்திருப்பான். என்ன பேசினானோ," என்றார் தண்டல்.

மற்றவர்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினார்கள். ராதாகிருஷ்ணன் மட்டும் வண்டி போன பக்கம் பார்த்தபடி நின்றான். தண்டல் இரண்டு தடவை கூப்பிட்டும் அவன் திரும்பவில்லை. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. வீரம்மா போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கி, "நிக்காதடா, சாப்பிடு, சாப்பிட்டுட்டு வேலையப் பாரு," என்று அதட்டினாள். அவன் உட்கார்ந்தான். கொப்பளித்த கையால் சட்டியைப் பிடிக்க முடியவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.